பலகையில் முதல் பெயர்

— உக்காருங்கன்னு சொல்றேன்ல தம்பி, ஏன் நடந்துட்டே இருக்கீங்க?

— உக்காந்துதான் இருக்கேன் சிஸ்டர்.

— பொய் சொல்லாதீங்க. கிளினிக்ல ஸ்கிரீன் முன்னாடி நின்னுட்டுத்தான் போன் பேசறேன். உங்களுக்கு நான் கட்டிவிட்ட சிம் போட்ட வாட்ச் எல்லாத்தையும் இங்க காட்டுது. படி ஏறிட்டிருக்கீங்க. நாடி நூத்தி எழுபது. அதுவும் ஒழுங்கா இல்ல. ஒண்ணு துடிக்குது, ரெண்டு விட்டுப் போகுது.

— நாற்காலியில இருக்கேன்.

— நெஞ்சு வலிக்குதா?

— இல்ல.

— இடது கை? தாடை?

— இல்ல சிஸ்டர். எனக்கு ஒண்ணும் இல்ல.

— எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், உங்க விலாசம் குடுத்திருக்கேன். கதவைத் திறந்து வெச்சுட்டு அப்படியே சாஞ்சுக்கோங்க. ஐயோ, இன்னும் ஏறறீங்களே! எதுக்கு சாமி இந்த அடம்?

— ஆம்புலன்ஸ் இங்க வர வேண்டாம்.

— பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல.

— வாட்ச் என் கையில இல்ல.

— என்னது?

— நான் கட்டல சிஸ்டர். தண்ணி கேன் போடறவர் கட்டியிருக்கார்.

— எப்பலேருந்து?

— நீங்க குடுத்த மறுவாரத்துலேருந்து.

— அஞ்சு மாசமாவா?

— நாலு நாளைக்கு ஒருக்கா கேன் போட வருவார். அப்ப சார்ஜ் போட்டுத் திருப்பிக் கட்டி விடுவேன்.

— அப்ப தினம் பதினாலாயிரம் ஸ்டெப்ஸ்?

— அவரோடது. நான் வீட்டை விட்டு இறங்கறதே இல்ல.

— அடப்பாவி. கிளினிக் வாசல்ல, யாரு அதிகம் நடக்கறாங்கன்னு பலகை வெச்சு உங்க பேரைத்தானே முதல்ல எழுதியிருக்கேன்! பொண்டாட்டியப் பறிகுடுத்த பையனே இவ்வளவு நடக்கறான், உங்களுக்கென்ன கேடுன்னு திட்டித் திட்டித்தான் இந்தப் பக்கத்துல பதினெட்டுப் பேரை வெளிய இழுத்தேன்.

— வாரா வாரம் போன் பண்ணுவீங்க. ஏதாவது ஸ்டெப்ஸ் கணக்கு வந்துட்டா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்.

— இது நாடி பாக்கற வாட்ச்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமா?

— நேரம் பாக்கன்னு சொன்னேன். சந்தோஷமா வாங்கிக்கிட்டார்.

— நல்லா இருக்கு. இருபது லிட்டர் கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு இந்த நாடியோட மாடி ஏறிட்டிருக்கார். காலையில ஆறு மணியிலேருந்தே சரியில்ல.

— ஆறா? அவர் எட்டுக்குத்தானே வருவார்?

— இன்னைக்குச் சீக்கிரம் வந்திருப்பார், அதுவா இப்ப முக்கியம்? அவருக்குப் போன் போடுங்க.

— போன் வண்டியிலேயே கிடக்கும். மாடிக்கு எடுத்துட்டுப் போக மாட்டார்.

— வாட்ச் இடத்தைக் காட்டாது. வண்டி எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

— இருங்க, ஜன்னல்ல பாக்கறேன். இருக்கு சிஸ்டர். தெருக்கோடி மஞ்சள் கட்டடம். நாலு மாடி, லிஃப்ட் இல்ல.

— ஆம்புலன்ஸை அங்க திருப்பறேன். ஆனா பன்னெண்டு நிமிஷம் ஆகும்னு சொன்னாங்க. நீங்க ஓடுங்க.

— நானா?

— வேற யாரு, நானா? மூணு கிலோமீட்டர் தள்ளி நிக்கறேன். போய் அவரை உக்கார வைங்க, அது போதும். இன்னும் ஒரு மாடி ஏறவிடக் கூடாது.

— என்னால முடியாது சிஸ்டர்.

— ஏன் முடியாது? கால் இருக்குல்ல?

— எங்க வீட்டுப் படியில ரெண்டாவது மாடித் திருப்பத்தைத் தாண்டணும்.

— தாண்டுங்க.

— அவ அங்கதான் விழுந்தா.

— உங்க சம்சாரமா?

— காய் வாங்கிட்டு ஏறி வந்திருக்கா. என்னைக் கூப்பிட்டிருக்கா. கீழ்வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கு, எனக்குக் கேக்கல. காதுல ஹெட்போன் மாட்டிட்டு ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன்.

— தம்பி.

— நாப்பது நிமிஷம் கழிச்சுக் கதவைத் திறந்தேன்.

— தம்பி, கேளுங்க. இப்ப உங்க காதுல நான் இருக்கேன். நான் சொல்றது கேக்குதுல்ல?

— கேக்குது.

— கதவைத் திறங்க.

— திறந்துட்டேன்.

— சுவரைப் பிடிச்சுக்கோங்க. வேணும்னா கண்ணை மூடிக்கோங்க. இறங்குங்க.

— ஏதாவது பேசிட்டே இருங்க சிஸ்டர்.

— பேசறேன், எனக்கா பேசத் தெரியாது? பலகையில உங்க பேரை அழிக்கப்போறேன், தெரியுமில்ல?

— அழிங்க.

— ரெண்டாவதா இருக்கறது யாரு தெரியுமா, தையல்கடைக்காரர். தினம் நாலாயிரம் நடந்துட்டு நாப்பதாயிரம் நடந்த மாதிரி பேசுவார். உங்களை முந்தணும்னு புது ஷூ வேற வாங்கியிருக்கார். தம்பி? சத்தத்தையே காணோம். எங்க இருக்கீங்க?

— திருப்பத்துல.

— நிக்காதீங்க.

— இங்கதான் சிஸ்டர். சுவர் ஓரமா. தக்காளி கீழ் மாடி வரைக்கும் உருண்டு கிடந்துச்சு.

— நின்னா இன்னொருத்தர் விழுந்துடுவார். காலை எடுங்க. எடுத்தீங்களா?

— எடுத்துட்டேன்.

— அடுத்தது?

— இறங்கறேன். இன்னும் ஒரு மாடிதான்.

— சரி. அப்படியே ஓடுங்க.

— தெருவுக்கு வந்துட்டேன். வெயில்ல கண்ணு கூசுது.

— ஓடுங்க தம்பி, சொல்றேன்ல.

— ஏன் உங்க குரல் மாறுது? என்ன காட்டுது?

— ஏறறது நின்னுடுச்சு. ஒரு நிமிஷமா ஒரு ஸ்டெப் கூட விழல.

— நாடி?

— இருக்கு. நூத்தி தொண்ணூறு. பேசாதீங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு.

— வண்டிகிட்ட வந்துட்டேன். அண்ணே! அண்ணே, எந்த மாடியில இருக்கீங்க? சத்தமே இல்ல சிஸ்டர்.

— ஏறுங்க.

— முதல் மாடியில இல்ல. அண்ணே! ரெண்டுலயும் இல்ல. சிஸ்டர், இங்கயும் அதே மாதிரி திருப்பம் இருக்கு. எனக்கு பயமா இருக்கு.

— எனக்கும்தான். ஏறுங்க.

— யாரு அது, இந்தக் கத்து கத்தறது? அட! நம்ம கேன் வாங்கற சாரா? வெளிய வந்துட்டீங்களா? இன்னைக்கு மழைதான் போங்க!

— அண்ணே, கேனைக் கீழ வைங்க. உக்காருங்க.

— காலி கேன் சார் இது. நீங்க முதல்ல உக்காருங்க, நாய் துரத்துன மாதிரி மூச்சு வாங்குறீங்க.

— நெஞ்சு வலிக்குதா?

— எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். மேல ஒரு வீட்டுல காப்பி குடுத்தாங்க, நின்னு குடிச்சுட்டு வரேன்.

— சிஸ்டர், நல்லா இருக்கார்! சிரிக்கறார்! ஒண்ணும் இல்ல அவருக்கு!

— இருக்கவே முடியாது தம்பி. இங்க இருநூறைத் தாண்டிடுச்சு. கையைப் பாருங்க, மணிக்கட்டைப் பாருங்க.

— அண்ணே, வாட்ச் எங்க?

— அதுவா? நேத்து எங்க வீட்டுக்காரி ஆசையாக் கேட்டா, கட்டி விட்டுட்டேன் சார். பின் தெருவுல அந்த அஞ்சு மாடி ஆபீஸ் இல்ல, அங்க காலையிலேருந்து தனியாப் படி கழுவிட்டிருக்கா. ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? சார்? அவளுக்கு என்ன?