கீழ் வரிசைச் சோயா

வேளை தவறாமல் சோயாப்பால் குடிக்கும் மனிதனுக்கு உடல் இளைத்து, கால் மட்டும் ஏன் வீங்குகிறது? வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அக்னஸுக்கு இது பிடிபடவில்லை. என் அண்ணன் தர்மலிங்கத்தின் காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி மேலே எழவில்லை.

"புவனேசன் அண்ணே, பால் ஒழுங்கா குடுக்கிறீங்கதானே?"

"குடுக்காம என்ன? சந்தேகமா இருந்தா அவரையே கேளு லா."

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போயிருந்தது. மெல்லவும் முடியாது. கஞ்சியும் சோயாப்பாலும்தான் உணவு. கஞ்சி வயிற்றை நிரப்பும். சதையைக் காப்பது பாலில் உள்ள புரதம்.

விளக்கிச் சொல்வது எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சார். பாலிங் ஊரில் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே நான் சோயா போடுகிறேன். அக்னஸை அங்கே அழைத்துப் போய், மேட்டு வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. அங்கே வாழும் நுண்ணுயிர்தான் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. செடி அதைப் புரதமாக்குகிறது. கீழ் வரிசையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. வேருக்கு மூச்சில்லை. முடிச்சு சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரே விதைதான், ஆனால் பயற்றில் புரதம் குறைந்துவிடும்.

"போன போகத்திலயும் இதே கதைதான்மா. அந்தப் பயறுதான் இப்ப வீட்டுல. மழைய நான் என்ன செய்ய?"

அக்னஸ் தலையாட்டினார். ஆனால் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. வீட்டிலிருந்த கீழ் வரிசைப் பயற்றில் ஒரு பிடி கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த முறை வந்தபோது, அதை அரைத்துக் காய்ச்சிய பாலைப் போத்தலில் கொண்டுவந்தார். எலுமிச்சையை அதில் பாதி பிழிந்தார். நான் அண்ணனுக்கு வைத்திருந்த பால் குவளையில் மீதியைப் பிழிந்தார். போத்தலில் இருந்தது நீர்த்த பால்தான், ஆனாலும் திரிந்தது. குவளை அப்படியே இருந்தது.

"இது மட்டும் ஏன் திரியல?"

"பழத்துல சாறு இருந்திருக்காதுமா."

"ஒரே பழம்தான் அண்ணே."

அருமையான சோதனை, சார். புளிப்பு பட்டுத் திரிவது பாலில் உள்ள புரதம்தான். நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மோசமான நிலம் புரதத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

அண்ணனை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன வாரம் இறந்துவிட்டார்.

மழை பொய்யில்லை. கோலா கெத்தில் ஊரின் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், என் தாஹுவுக்குப் பெயர் உண்டு. எண்ணெயில் போட்டால் உடையாது. சோயாப்பாலில் உள்ள புரதம் கட்டியாக உறைந்துதான் தாஹு ஆகிறது. தண்ணீர் தேங்கிய கீழ் வரிசைப் பயறு வந்த பிறகு அது கொழகொழவென்றானது. என்னிடம் வழக்கமாக வாங்கும் லோகேஸ்வரி அக்கா விரலால் குத்திப் பார்த்து, "என்ன தம்பி, இதை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய கெட்டி வர இன்னும் அதிகப் பால் தேவைப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் அண்ணனின் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் உறைய வைப்பேன்.

அதன் பிறகு அண்ணன் குடித்துவிட்டு என்னையே பார்ப்பார். ருசி தெரிந்திருக்கும்.

அக்னஸுக்குப் புரியாமல் போனது இவ்வளவுதான். பால் முழுவதையும் உறைய வைத்து, தாஹுவை எடுத்துக்கொண்டேன். மிஞ்சிய மஞ்சள் தண்ணீரில் அரிசி மாவைக் கலந்து, வெள்ளையாகக் காய்ச்சி, அண்ணனுக்குக் கொடுத்தேன். கால் வீங்கிய பிறகும் அதையே கொடுத்தேன்.