என் அனுமதிக்குக் காத்திருந்த சைரன்

இங்கே காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் அலுவலகத்தில் மெஷின் காப்பிதான். காப்பி விளையும் மெதெயினில் இருந்துகொண்டு அதைக் குடிப்பது பாவம் என்பான் வெய்மார்.

நானும் அவனும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. மலைச்சரிவில் சென்சார்களைப் புதைத்தோம். மண் நகர்ந்தால் சைரன் அடிக்கும். குடியிருப்பவர்கள் இறங்கி ஓடிவிடலாம். கணினி நிரலைப் பெரும்பாலும் அவன்தான் எழுதினான். அவன் வீடும் அதே சரிவில்தான். மனைவி டோர்லானி, ஒரு மகள்.

ஏப்ரல் மழையில் சைரன் வீணாக அடிக்கத் தொடங்கியது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி ஓடிவந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் எங்களைத் திட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தொழில்நுட்பச் செய்தித்தளம் எங்களைப் புகழ்ந்து எழுதியது. அதைப் படித்துவிட்டு சாவோ பாலோவிலிருந்து முதலீட்டாளர்கள் வருவதாகச் சொன்னார்கள். ஆகவே நிரலில் சிறு மாற்றம் செய்தேன். சைரன் தானாக அடிக்காது. என் போனுக்குத் தகவல் வரும். நான் அழுத்தினால்தான் அடிக்கும்.

"நீ தூங்கிட்டா, மச்சான்?" என்றான் வெய்மார்.

"கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து நான் எங்கடா தூங்கினேன்?"

"அதுவும் சரிதான். ஆனா என் பொண்டாட்டி புள்ள உசுரு உன் கட்டைவிரல்ல இருக்கு, பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முதலீட்டாளர்கள் வந்த அன்று கூட்டம் பிற்பகலில் நடந்தது. வந்தவர்களில் மூத்த அம்மாள், "பொய் எச்சரிக்கை வருமா?" என்று கேட்டார். "அதெல்லாம் சரி பண்ணியாச்சு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. ஒரு சென்சார். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் பொய். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. பக்கத்துச் சென்சாரும். இரண்டும் சேர்ந்து சொன்னால் பொய்யாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சைரன் சத்தம் எங்கள் அறை வரை கேட்கும், மேடம்.

அன்று வெய்மார் வீட்டிலிருந்து வேலை பார்த்தான். அவனே கூப்பிட்டான்.

"எல்கின், வீட்டுக்குப் பின்னாடி தரையே பிளந்திருக்குடா. சைரன் ஏன் அடிக்கல? அழுத்து."

"சரி" என்றேன். போனை வைத்துவிட்டு அடுத்த வரைபடத்தை விளக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். மழையில் எதுவும் தெரியவில்லை. இடி, என்றேன்.

சரிந்த மண்ணில் வெய்மார் புதைந்ததைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, சைரன் பொத்தான் அன்று வெய்மார் பொறுப்பில் இருந்தது என்று சொன்னேன். இறந்துபோனவனுக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது? எங்கள் கம்பெனியை நம்பி இன்னும் எத்தனையோ மலைகள் இருந்தன.

மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போயிருந்ததால் டோர்லானி தப்பினாள். அடக்கம் முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்தாள். அவன் கடைசியாகத் தனக்கு அனுப்பிய குரல் பதிவை, போனை என் மேசையில் வைத்து ஓடவிட்டாள்.

"நீங்க மேல வராதீங்க. எல்கின்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான். இப்ப சைரன் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியோட தூக்கணும், சத்தம் கேட்டா நாலு பேரு வருவாங்க. தூக்கிட்டு வந்துடறேன்."

அவள் அழவில்லை. "எதுக்கு சரின்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதனால்தான் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தாதது நான்தான். தெரிந்தேதான் அழுத்தவில்லை. ஆனால் டோர்லானியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், மேடம். கூட்டம் முடிந்ததும் அழுத்தத்தான் இருந்தேன். அவர்கள்தான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.