மேலே இருந்தவரை யார் கூப்பிட்டோம்?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பழைய மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் மகளே, இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் என் அக்காமார்களே, தங்கைகளே! நான் மாட்டு டாக்டர். தொழுவத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. குரல் கொஞ்சம் சத்தமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இந்தப் பள்ளியில் கால் வைத்த முதல் பெண், நம் எல்லோருக்கும் இன்ஜினியர் அக்கா, போய்விட்டார். போன பிறகுதான், அவர் நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தது நமக்குத் தெரிந்தது. இத்தனை பேர் இருக்கிறோமே, ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லையே! எனக்கு ஆறவே இல்லை.

வாசலில் ‘ஆண்கள் பள்ளி’ என்ற பலகையைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவர் அவர். அந்த வருடம் பள்ளி முழுக்க அவர் ஒருத்திதான் பெண். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் ஆய்வுக்கூட மேசையில் தனியாகச் சாப்பிட்டார். மறுவருடம் இரண்டாவதாக ஒரு பெண் சேர்ந்தாள். அவர்தான் இதோ உட்கார்ந்திருக்கும் நம் வக்கீல் அக்கா. முதல் நாள் அவருக்கு முன்னால் இன்ஜினியர் அக்கா வாசலில் வந்து நின்றிருக்கிறார். “வா, உனக்காக ஒரு வருஷமா காத்துட்டிருக்கேன்” என்றாராம். நம் கதை தொடங்கியது அந்த வாசலில்தான்.

பிறகு எல்லோரும் படித்து முடித்து வெளியே போனோம். பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அக்கா தன் கணவரோடு, நாம் அண்ணா என்று கூப்பிட்டவரோடு, வந்தார். வரவேற்பில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘பழைய மாணவர்’ என்ற பட்டையை அண்ணாவின் சட்டையில் குத்தினார்கள். அக்காவை மனைவிமார் வரிசையில் உட்கார வைத்தார்கள். மறைந்த அண்ணா பாவம், இந்தப் பள்ளியின் வாசலையே அன்றைக்குத்தான் பார்க்கிறார். அவரை இழுத்துப்போய் கிரிக்கெட் மட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் பந்திலேயே அவுட். இதோ, மேடையில் சங்கத் தலைவர் சிரிக்கிறார், அன்றைக்குப் பந்து போட்டவரே அவர்தான்! திரும்பி வந்த கணவரிடம் அக்கா, “நம்ம ஸ்கூல் மானத்தையே வாங்கிட்டீங்களே” என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்தார் என்பதால் வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அன்று மாலையே வக்கீல் அக்காவைக் கூப்பிட்டு, “அவங்க கதவைத் தட்டிட்டே இருக்க வேணாம். நம்ம பிள்ளைங்க எங்கெங்க இருக்காங்கன்னு முதல்ல நாம தெரிஞ்சு வச்சுக்குவோம்” என்று சொல்லியிருக்கிறார்.

அதன் பலனை அனுபவித்தவள் நான். முதல் வேலைக்குப் போன ஊரில் எனக்கு ஓர் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, டாக்டர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். வாடகை அறையில் உட்கார்ந்து, வேலையை விட்டுவிடலாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முன்பின் தெரியாத ஒரு குரல். “நான் உங்க ஸ்கூல்தான். பேங்க்ல வேலை. அடுத்த தெருவுலதான் இருக்கேன், கதவைத் திறந்து வை, வர்றேன்.” அந்த பேங்க் அக்காவை எனக்குத் தேடிக் கொடுத்தவர் யார்? இன்ஜினியர் அக்காதான்! பெட்டியை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

இப்படி ஒவ்வொருத்திக்கும் மேலே ஓர் அக்காவை வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் இளையவளைக் கூப்பிட வேண்டும். இளையவள் கூப்பிடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதுதான் சட்டம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சின்னவள் தயங்குவாள், தொந்தரவோ என்று நினைப்பாள் என்றார். தண்ணீர் தொட்டியிலிருந்துதான் வீட்டுக்கு இறங்க வேண்டும், வீட்டைப் பார்த்து ஏறி வா என்று சொல்லக் கூடாது என்றார். எவ்வளவு அழகாக இருந்தது! தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தொட்டியை யார் நிரப்புவது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியது?

அவருக்கு மேலே யாரும் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டிய முறை யாருக்கும் வரவில்லை. மாதம் தவறாமல் அந்த ஞாயிறு வக்கீல் அக்காவுக்கு அழைப்பு வந்தது. அவரும் நலம் விசாரித்தார். “எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன். உன் கதையைச் சொல்லு” என்பார் அக்கா. உடனே வக்கீல் அக்கா தன் கதையைச் சொல்வார். வக்கீல் அக்காவை யாரும் குறை சொல்லாதீர்கள். அந்த இடத்தில் நீங்களும் நானும் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். வாய் பேசாத மாட்டின் கண்ணைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுகிறேன் என்று பீற்றிக்கொள்பவள் நான். அக்காவின் முகத்தை நான் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது.

படுக்கையில் கிடப்பதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று இன்ஜினியர் அக்கா மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். படுத்துக்கொண்டு பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அந்த ஞாயிறுகளில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைக்கச் சொல்வாராம். பேசி முடித்த பிறகும் போனை மடியிலேயே வைத்திருப்பாராம். யாராவது கூப்பிடுவார்களா என்று மகள் கேட்டதற்கு, “கூப்பிட மாட்டாளுங்க. நான் அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன்” என்றாராம்.

நம்மில் ஒருத்தியையும் தனியாக விடாதவரைத் தனியாக விட்டுவிட்டோமே!

அக்கா தொடங்கியதை நாம் விடப்போவதில்லை. ஆனால் அவர் சட்டத்தை இன்று மாற்றுகிறோம்; அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இனி இளையவளும் மூத்தவளைக் கூப்பிடுவாள். நல்லாத்தான் இருக்கேன் என்ற பதிலை நம்பி யாரும் போனை வைக்க மாட்டோம். சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்ப்போம்.

இப்போது எல்லோருக்கும் மேலே இருப்பவர் வக்கீல் அக்கா. காலையில் தாழ்வாரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன் என்றார். நான் நகரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நாற்காலிகளை எடுத்துப் போடுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து, “நல்லா இல்லடி” என்றார்.