ஆற்றுத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவள் சிரித்தபடி சொன்னாள்:

"தண்ணி ஆத்தில இருந்து வந்தது நல்லதாப் போச்சு அக்கா."

"என்ன கதை இது? களனி வீடு முழுக்க வெள்ளம் எண்டு அழுதனீர்!"

"ஓம், அழுதனான்தான். ஆனா வீட்டு இன்சூரன்ஸில வெள்ளத்தையும் சேர்த்துப் போட்டிருந்தம். நிலம், சுவர், கதவு எல்லாம் திருத்தக் காசு தருகினம். இன்சூரன்ஸில இருந்து பார்க்க வந்தவர் சமையலறைக் கூரையையும் பார்த்தார். பழசாகி ஒழுகிறதுக்கு ஒண்டும் கிடையாதாம்."

"அப்ப கூரை?"

"எத்தினையோ வருசமா நாளைக்கு எண்டு சொன்ன என்ர மனுசன், நேற்று தானே ஏறி ஓடு மாத்தினார். நான் ஏணியைப் பிடிச்சனான். இண்டைக்கு விடிய நல்ல மழை அக்கா. ஒழுக்குக்கு ஒரு சட்டிகூட வைக்கேல்லை."