மிச்சர் தட்டுப் பக்கத்துல ஒரு மண்டையோடு

அட, நீங்களும் எந்திரிக்காதீங்ணா, உக்காருங்க. உங்க ஊட்டு அக்காதான் பயந்து ஜீப்புக்கு ஓடிட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பா, நீங்களும் மலை எறங்கிட்டா இந்த மிச்சரை யாரு திங்கறது? செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எம்பொண்ணு சுகந்தி பிளாஸ்டர் மாவுல செஞ்ச மண்டைங்ணா அது. காலேஜுல சுவாலஜி படிக்கறாள்ல. எந்தக் காலத்துலயோ செத்தொழிஞ்ச பல்லி சாதியாமா.

தொட்டுப் பாருங்க, கடிக்காது. கண்ணுக்குழிக்குப் பின்னால பக்கத்துக்கு ரெண்டு ஓட்டை தெரியுதுங்களா? பல்லி, பாம்பு, முதலையெல்லாம் அந்த வகையறா. ஒத்த ஓட்டை இருந்தது வேற வகையறா, அதுலருந்துதான் நீங்களும் நானும் வந்தமாமா. சிரிக்காதீங்க. நெத்திப்பொட்டுல வெரல வெச்சுட்டு மிச்சரை மெல்லுங்க. அசையுதா? அந்தத் தாடைச் சதைக்கு எடம் வுட்ட ஓட்டைதானாமா. நாம பொண்ணெடுக்கப் போனா கொலசாமி கேக்கறோம், அவ ஓட்டையக் கேக்கறா, அவ்வளவுதான்.

ஓட்டையே இல்லாதது உண்டான்னா? நல்லாக் கேட்டீங்க. ஆமை! அதனால ஆதியில ஓட்டையில்லாம இருந்த பழைய கூட்டத்தோட அதைச் சேத்து வெச்சிருந்தாங்களாம். இப்ப என்னடான்னா, அதுக்கும் ரெண்டு ஓட்டை இருந்து பொறவு அடைஞ்சுபோச்சுன்னு கொஞ்சப் பேரு கெளம்பியிருக்காங்க. ஆமை எந்த ஊட்டுப் புள்ளன்னு பஞ்சாயத்து இன்னும் தீரல. மெட்ராசுக்குப் போயி மேல படிச்சு, அந்தப் பஞ்சாயத்துல நானும் உக்காரோணும்னு இவ ஒத்தக்கால்ல நின்னா.

நாந்தான் வாய மூடுன்னேன். தேயில வெல விழுந்து பேக்டரி பூட்டிக் கெடக்குது, பறிச்ச கொழுந்தை வாங்க நாதியில்ல. இந்த நேரத்துல, நகை நட்டு வேண்டாம் பொண்ணு போதும்னு நீங்க சொல்லி அனுப்புனீங்க. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? வாங்கன்னுட்டேன்.

காலைல சீலையக் குடுத்தேன். சண்டை போடுவான்னு பாத்தா, சரின்னு வாங்கிக்கிட்டா. பொறவு இந்த மண்டைய அலமாரிக்குள்ள வெச்சு, பழைய துண்டைப் போட்டு மூடுனா. என்னால தாங்க முடியலீங்ணா.

அய்யோ, அவளைத் திட்டாதீங்க, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. அவ உள்ள காப்பி ஆத்தற நேரமாப் பாத்து, அதை எடுத்தாந்து மிச்சர் தட்டுப் பக்கத்துல, அக்கா கைக்கு நேரா வெச்சது நாந்தான். குடிங்க, காப்பி ஆறுது.