ஏக்ஸ்ல இறங்கிடாதேம்மா

அட, இது நானா கண்டுபிடிச்சதில்லம்மா. முதல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க கீழ் வீட்டு லியோனிதான். போன வருஷம் ஆகஸ்ட்டுல, ஏரித் திருவிழா வாணவேடிக்கை முடிஞ்ச மறுநாள் காலையில. நான் துடைப்பத்தோட வாசல்ல நிக்கிறேன். வாசல் பூரா பாட்டிலு, காகிதத் தட்டு, யாரோ ஒருத்தனோட ஒத்தைச் செருப்பு. லியோனி கதவைத் திறந்து பார்த்தா. "ஒதீல், இனிமே வெளியூர்க்காரங்க யார் கேட்டாலும், நம்ம ஆன்சி ஒண்ணும் பார்க்கிற மாதிரி ஊரு இல்லேன்னு சொல்லிடு. நான் சொல்ல ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் சொன்னா கூட்டம் தானா குறையும்"னா. நியாயமாத்தானே பட்டுது அப்போ?

நீ கேட்டே பாரு, "ஆன்சி போகலாமா, இல்ல வழியில ஏக்ஸ்லயே இறங்கிடலாமா"ன்னு... அதான் கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நாக்குல பழகிப்போச்சு.

பை மேல இருக்கட்டும், விடு. ஏக்ஸ் வர இன்னும் நேரம் இருக்கு. நான் லியோன்ல என் மூத்தவளைப் பார்த்துட்டு வரேன். அங்கேருந்து இது வரைக்கும் என்கிட்ட பேச ஒரு ஆள் கிடைக்கல. பக்கத்துல உக்காந்திருந்த பையன் காதுல எதையோ சொருகிக்கிட்டு தூங்கிட்டான். நல்லவேளை நீ ஏறினே.

எங்க விட்டேன்? ஆங், கூட்டம். ஐயோ, கூட்டம்னா கூட்டம்! ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக நான் வீட்டை விட்டு இறங்கினா, கால்வாய்ப் பாலத்துல அடி எடுத்து வைக்க இடம் இருக்காது. தண்ணிக்கு நடுவுல ஒரு பழைய சிறைச்சாலை நிக்குது பாரு, கப்பல் மூக்கு மாதிரி... அதுக்கு முன்னாடி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறாங்க. சிறைச்சாலைம்மா அது! உள்ள கிடந்தவங்க யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் அன்னம். பார்க்கத்தான் வெள்ளையா சாதுவா இருக்கும். போன மாசம் ஒண்ணு என் பையிலேருந்து முழு நீள ரொட்டியை உருவிக்கிட்டுப் போயிடுச்சு. நான் கத்தறேன், அது என்னைப் பார்த்துச் சீறுது. சுத்தி நின்ன ஜனம் கை தட்டுது. உதவிக்கு ஒருத்தர் வரல.

சாப்பாடா? கேக்காதே. ஆகஸ்ட்டு வெயில்ல வேர்த்து ஊத்த ஊத்த, சட்டி நிறைய உருக்கின சீஸ்ல ரொட்டியை முக்கி முக்கித் தின்னுட்டு, மேல ஐஸ் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிக்கிறாங்க. வயித்துக்குள்ள போய் பந்தா இறுகிடாதா? நாங்கல்லாம் பனி கொட்டுறப்பதான் அதைத் தொடுவோம். கூட வெள்ளை ஒயின், இல்லேன்னா சூடா டீ. இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கிறது? கடைக்காரன் சொல்லுவானா? சந்தோஷமா இன்னொரு சட்டி வைப்பான்.

சிரிக்கிறியா? இன்னும் கேளு. எங்க வீட்டு சன்னல் கால்வாய்க்கு மேலேயே இருக்கு. எங்க வீட்டுக்காரர் அன்செல்மோட பனியனை நான் அங்கதான் காயப்போடுவேன், காலம் காலமா. யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்திருக்காங்க. அடுத்த கோடையில அது தபால் அட்டையா கடைத்தெருவில தொங்குது! செவப்புப் பூத்தொட்டி, பச்சைத் தண்ணி, நடுவுல என் புருஷன் பனியன். நான் வெக்கத்துல செத்தேன். அந்த மனுஷனா? நாலஞ்சு வாங்கி தங்கச்சிக்கும் பட்டாளத்துல கூட இருந்த சிநேகிதங்களுக்கும் அனுப்பிட்டார்.

அதோ... சன்னல் வழியா பாரு, ஏரி. இல்லம்மா, இது எங்க ஏரி இல்ல. இது ஏக்ஸ் ஏரி. எங்களோடதைவிடப் பெருசுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். இருக்கட்டும். பெருசா இருந்தா ஆச்சா? எங்க தண்ணியில நீ கழுத்தளவுல நின்னுக்கிட்டு உன் கால் விரலைப் பார்க்கலாம். சாயங்காலம் மலை மேல வெளிச்சம் ஏறும் பாரு, முதல்ல மஞ்சள், அப்புறம் ரோஸு... சரி சரி, நான் அதையெல்லாம் சொல்லக் கூடாது. மழை! மழையைப் பத்திச் சொல்லலியே? பிடிச்சா விடாது. குடையோட வந்தவங்க குடையோடயே திரும்புறாங்க.

என்ன, எழுந்துட்டே? பையை எடுக்கிறியா?

உக்காரும்மா, இன்னும் நிக்கல. கொஞ்சம் இரு. ஆண்டவரே, மறுபடியும் அதே மாதிரி ஆகுதே! அந்தம்மாவும் இப்படித்தான், இதே இடத்துலதான் எழுந்திரிச்சாங்க.

எந்தம்மாவா? அதைத்தான் சொல்ல வரேன். சொல்லாம மனசு கிடந்து அடிச்சுக்குது. 

எனக்கு மூணு பிள்ளைங்கம்மா. மூத்தவ லியோன்ல, கல்யாணத்துக்கு நகராட்சியில கையெழுத்துப் போட்டதோட சரி, கோயில் பக்கமே வரல. ரெண்டாவது பையன் கனடாவுல யாரோடயோ இருக்கான், அதைப் பத்திப் பேச வேண்டாம், நல்லா இருக்கட்டும். கடைசிப் பிள்ளை எலுவா. அவனாவது எங்க ஊரு மலைமேல இருக்கிற கோயில்ல, நானும் அன்செல்மும் கல்யாணத்தன்னிக்கு முட்டி போட்ட அதே பீடத்து முன்னாடி முட்டி போடணும்னு செபமாலை உருட்டாத நாள் கிடையாது. அங்கதான் எங்க புனித பிரான்சிஸ் சலேசியார் அடக்கமாகி இருக்கார். அவர் கடுஞ்சொல்லே சொல்லாத மனுஷன். தினமும் அவர்கிட்ட, "ஐயா, என் நாக்குக்கும் கொஞ்சம் சாந்தம் குடுங்க"ன்னுதான் கேப்பேன். அவரும் எவ்வளவுதான் செய்வார், பாவம்.

எலுவாவுக்கு ஒரு பொண்ணு அமைஞ்சுது. ரொசென்னு பேரு. நாட்டோட அந்தக் கோடி, கடலோரம் பிரெத்தாஞ் பக்கத்துப் பொண்ணு. தங்கமான பொண்ணு, என் சூப்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சா. பொண்ணு ஊர்லதான் கல்யாணம்ங்கிறது வழக்கம், உனக்கே தெரியும். ஆனா அவளாவே, "மலைமேல அந்தக் கோயில்லயே வச்சுக்கலாமே"ன்னா. எனக்கு அப்படியே அழுகை வந்துடுச்சு. "எங்கம்மா மட்டும் சரின்னு சொல்லணும்"னா. அம்மா பேரு மதாம் கெர்வெல்லா. புருஷன் இல்லாதவங்க, ஒரே பொண்ணு. பொண்ணைத் தூரத்துல குடுக்கிறோமே, அது என்ன ஊரு, எப்பேர்ப்பட்ட ஜனம்னு யாருக்கும் சொல்லாம ஒரு தடவை வந்து பார்த்துடணும்னு அவங்களுக்கு. தப்பா அது? நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

லியோன்ல அவங்க அக்கா வீடு. அங்கேருந்து ரயில் ஏறியிருக்காங்க.

இந்த ரயில்தாம்மா.

எதிர்ல உக்காந்தாங்க. மஞ்சள் மழைக்கோட்டு, பெரிய பெரிய நீலப் பொத்தான். மடியில ஒரு தகர டப்பா. உப்பு வெண்ணெய் பிஸ்கோத்து எடுத்து எனக்கு நீட்டினாங்க. நானும் கூச்சப்படாம எடுத்துக்கிட்டேன், திரும்பவும் எடுத்துக்கிட்டேன். எவ்வளவு பதவிசா கேட்டாங்க தெரியுமா! "நீங்க ஆன்சிங்களா? ஊரு எப்படிங்க, பார்க்கலாங்களா?" அவ்வளவுதான் கேட்டாங்க. லியோனி சொன்னது வாய்க்குள்ள தயாரா இருந்துச்சு, அவுத்து விட்டுட்டேன். கூட்டம்னேன். மழைன்னேன். அன்னம் கடிக்கும்னேன். மலைமேல கோயில் மணி காதைக் கிழிக்கும்னேன். மாதாவே, என் கோயில் மணியை!

அதோடயாவது நிறுத்தினேனா? "ஜனங்க எப்படி?"ன்னு கேட்டாங்க. "கல்லுங்க. பக்கத்து வீட்டுல இருபது வருஷம் இருந்தாதான் வணக்கமே சொல்லுவாங்க"ன்னேன். "ஆம்பளைங்க?"ன்னாங்க. அதை எதுக்குக் கேக்கிறாங்கன்னு எனக்கு ஒரு பொறி தட்டக் கூடாதா? "சீஸுக்கும் பனிச்சறுக்குக்கும் தவிர நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. இந்த ஊர்ல பொண்ணைக் குடுக்கிறவங்க நல்லா யோசிச்சுக் குடுக்கணும்"னேன். சொல்லிட்டு சிரிச்சேன் வேற. வாயில அவங்க பிஸ்கோத்து.

ஏக்ஸ் வந்துச்சு. அவங்க டப்பாவை மூடினாங்க, மஞ்சள் கோட்டை மாட்டினாங்க. "ரொம்ப நன்றிங்க, நல்லவேளை சொன்னீங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுக்குப் போன கையோட லியோனி கதவைத் தட்டி, "இன்னிக்கு ஒருத்தியைத் திருப்பி அனுப்பிட்டேன்டி!"ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சின்னக் கோப்பையில பேரிக்காய்ச் சாராயம் குடிச்சு சந்தோஷப்பட்டோம்.

அந்த வாரமே எலுவா மூஞ்சி தொங்கிப்போய் வந்தான். "அவங்கம்மா முடியாதுன்னுட்டாங்கம்மா. கல்யாணம் அங்கதானாம்"னான். நான் குதிச்சேன். எந்தப் பாவி நம்ம ஊரைப் பத்திக் கோள் சொன்னதுன்னு கத்தினேன். அப்புறம் சூப் குடிக்கிறப்ப அவனே சொல்றான்: "ரயில்ல உள்ளூர் பொம்பளை ஒருத்தி சொன்னாளாம்மா, யாரோ ஒரு கிறுக்கச்சி. இந்த ஊர்ல பொண்ணைக் குடுக்காதீங்கன்னாளாம். அவங்க பிஸ்கோத்தையும் தின்னு தீர்த்தாளாம்." அன்செல்ம் விழுந்து விழுந்து சிரிச்சார். "யாருடா அவ? அவ புருஷன் பாவம்டா!"ன்னார். எலுவா போனைத் திருப்பி சம்பந்தியம்மா படத்தைக் காட்டினான். மஞ்சள் கோட்டு. நீலப் பொத்தான். என் கரண்டி சூப்புக்குள்ள விழுந்துடுச்சு.

சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அழுறாரோன்னு நினைச்சேன், கர்ச்சீப்பை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சிருக்கார். அப்புறம் சொன்னார்: "ஊரைக் கெடுத்த வாயாலேயே சரி பண்ணுங்க, ஒதீல். எனக்குத் தெரிஞ்ச பரிகாரம் அதுதான்."

ரொசென் கெஞ்சிக் கூத்தாடி அவங்கம்மாவை ஒரே ஒரு தடவை ஒழுங்கா வந்து பார்க்கச் சம்மதிக்க வச்சிருக்கா. இன்னிக்கு. பாரிஸ் வழியா வராங்க. எலுவா அவங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம ரயில் வர்ற நேரத்துக்கு ஆன்சி பிளாட்பாரத்துல நிப்பான், "அம்மா, இவங்கதான்"ன்னு சொல்ல. அவங்களுக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் லியோன்ல முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டேன். மூக்குக் கண்ணாடிச் சட்டத்தை மாத்திக்கிட்டேன். மூத்தவ ஸ்கார்ஃப் கட்டிவிட்டா. எல்லாம் பண்ணியாச்சு. வாயைத் திறந்தா தெரிஞ்சுடாதா? இந்தக் குரலை எந்தக் கடையில குடுத்து மாத்துறது?

இல்ல, ஒளிய மாட்டேன். வரப்போ செபம் சொல்லி முடிவு பண்ணிட்டேன். இறங்கின உடனே, "அந்தக் கிறுக்கச்சி நான்தாங்க"ன்னு சொல்லிடுவேன். இதோ இந்த டப்பாவுல பாதாம் மிட்டாய் போட்ட செவப்பு டார்ட், லியோன் பலகாரம், இருக்கு, தின்ன பிஸ்கோத்துக்குப் பதிலா. அப்புறம் அவங்க பாடு, சலேசியார் பாடு. கோயில் கிடைக்கலேன்னா கிடைக்கல. பொண்ணாவது வரணும் எம் பிள்ளைக்கு.

வண்டி நின்னுடுச்சு. ஏக்ஸ்தான்.

நீ கேட்டதுக்கு இப்போ நிஜமாவே பதில் சொல்றேன், கேளு. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அன்செல்மும் சண்டை போடாத வாரம் கிடையாது. அவர் கதவை அறைஞ்சு சாத்திட்டு ஏரிக்கரைக்குப் போயிடுவார். நான் பின்னாலேயே திட்டிக்கிட்டுப் போவேன். மரத்தடி வரைக்கும் திட்டுவேன். அதுக்கப்புறம் தண்ணியைப் பார்த்தா, எதுக்குத் திட்டினோம்னு ஞாபகம் வராது. ஒரு தடவைகூட கோபத்தோட வீடு திரும்பினதில்ல. அன்னத்துக்கிட்ட ரொட்டியைப் பறிகுடுத்த அன்னிக்குக்கூட. கூட்டம் வருதுன்னா, அது வராம எப்படி இருக்கும், சொல்லு!

இப்போ வண்டி வந்த வழியே பின்னாடி ஓடும், பயந்துடாதே. இங்கேருந்து திரும்பித்தான் ஆன்சிக்குப் போகும். தெரியாதவங்க அலறி அடிச்சுக்கிட்டு இறங்கிடுவாங்க.

என்கூட ஆன்சி பிளாட்பாரத்துல நீயும் இறங்கினா, நான் ஊருக்கு ஒருத்தியையாவது கூட்டிக்கிட்டு வந்தேன்னு அந்தம்மா கண்ணால பார்ப்பாங்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம், பேச நான் இருக்கேன்.

அந்தப் பையை மேலேயே வச்சிட்டு, இந்த டார்ட் டப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா.