பதினாலு மாசம் கழிச்சு ஒரு துட்டி

— கண்ணத் தொடைங்கண்ணே. போனவர் போயாச்சு. காப்பி போடவா?

— வேணாம் கனகு... சாவுக்குத் துட்டி கேக்க வந்த வீட்ல காப்பியா?

— பதினாலு மாசமாச்சுண்ணே. தலைத்திவசமே குடுத்து முடிச்சாச்சு.

— எனக்கு நெசமாவே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஒன் வீட்டுக்காரர் மலையாண்டி மாப்ளைக்கு மொத மாலை என்னோடதாத்தான்...

— நம்ம பழைய லேப் குரூப்ல கண்ணீர் அஞ்சலின்னு நீங்கதான போட்டீக? அடுத்த நிமிசமே திருமங்கலத்துல பிளாட் விக்கிதுன்னு ஒரு படம்.

— அது... பார்வர்டு. கை தானாப் போயிருது.

— சரி, அந்தப் பையில என்ன?

— பிள்ளைக்கு... மைசூர்பாகு.

— துட்டி கேக்க மைசூர்பாகு வாங்கியாந்த மொத ஆளு நீங்கதாண்ணே. சொல்லுங்க. பாண்டியராஜன் அண்ணன் காரியமில்லாம அவனியாபுரம் வரைக்கும் பஸ் ஏற மாட்டாரே.

— குத்தாத கனகு. ஒம்பது வருசம் ஒரே லேப்ல ரத்தம் எடுத்தோம்...

— எடுத்தோம். நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீக. போன நாளோட சரி. பிள்ளை சடங்குக்குப் பத்திரிகை வச்சேன், எட்டிப் பாக்கல.

— வேலை அம்புட்டு... இப்ப அந்த வேலையும் போச்சு. ஏழு மாசமாச்சு.

— தெரியும்.

— யாரு சொன்னா?

— யாரோ சொன்னாக. மேல சொல்லுங்க.

— ஒரு ஆஸ்பத்திரியில என்னைய வேலைக்கு எடுக்குற மாதிரி இருக்காக. கூட வேலை பாத்தவுக பேரும் நம்பரும் கேட்டாக. ஒன்னோடதக் குடுத்திருக்கேன். போன் வந்தா, ரெண்டு வார்த்தை நல்லதா...

— என்னைய ஒரு வார்த்தை கேக்காமலா?

— வேற யாரு இருக்கா எனக்கு? மூணு பேத்தக் கூப்பிட்டேன். ஒருத்தன் ‘எந்தப் பாண்டியராஜன்’ங்கிறான். நாப்பத்தேழு வயசு கனகு. இதுவும் போச்சுன்னா வேற கதவே இல்ல.

— நானும் ஒங்களக் கூப்பிட்டேன். நாலு தடவ.

— எப்ப?

— அவர் லாரியில அடிபட்ட அன்னிக்கு. ஒங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்தோம். ஓ நெகட்டிவ் ரத்தம் கேக்குறாக. வாசல்ல நிக்கிறேன். உள்ள எனக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்.

— போன் சைலன்ட்ல...

— அண்ணே.

— ...பாத்தேன். ஒன் பேரு வந்துச்சு. வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்கத்தான் கூப்பிடுறன்னு நெனச்சேன். எடுக்கல. மறுநாள் விசயம் தெரிஞ்சதும்... எந்த மொகத்தோட வாரது?

— இதச் சொல்லத்தான் வந்தீகளா?

— ...இல்ல.

— இதுலயாச்சும் பொய் சொல்லல.

— என்னைய மன்னிக்க வேணாம் கனகு. வையி, செருப்பக் கழட்டி அடி. போன் வரும்போது மட்டும்...

— போன் முந்தாநாளே வந்துருச்சுண்ணே.

— வந்துருச்சா? என்ன... என்ன சொன்ன? ஏதும் தப்பாச் சொல்லிட்டியா?

— ஒங்க மேல எம்புட்டோ ஆத்திரம் இருந்துச்சு. ஆனாலும் இட்டுக்கட்டிச் சொல்லல. வேலையில கை சுத்தம், ரத்தம் எடுக்க ஊசி குத்துனா வலியே தெரியாதுன்னேன்.

— நல்லா இருப்ப நீ! அம்புட்டுத்தான கேட்டாக?

— இன்னொண்ணும் கேட்டாக. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட்டா வருவாரான்னு. நாலு தடவ கூப்பிட்டேன், வரலன்னு சொல்லிட்டேண்ணே.